சாக்பீஸ் கோட்டுக்குள் நின்ற தண்ணீர்

லிஃப்ட்காரர் வீட்டு ஹாலில் தண்ணீர் நிற்கிறது, தொட்டி கிடையாது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத்துக்கு, சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சொட்டு சிந்தாமல் நிற்கிறது. கடல் தண்ணீர்தான், நாக்கில் வைத்தால் கரிக்கும். குடிநீர் வாரியத்திலிருந்து வந்த ஒருவர் பக்கவாட்டில் தட்டிப் பார்க்கக் கையை நீட்டி, தட்டுவதற்கு எதுவும் இல்லாததால் முழங்கை வரை சட்டை நனைந்து, குழாயில் கசிவு ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டு உரிமையாளர் சுவரில் ஓதம் ஏறாத வரைக்கும் தனக்கு ஒன்றும் இல்லை என்றார். ஓதம் ஏறவில்லை. இது எப்படி வந்தது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது கேட்டால் அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: அது அவருடைய சகலை செய்த வேலை.

சகலைகள் என்றால் மாமியார் வீட்டில் யாருக்கு உபசாரம் கூடுதல் என்று ஓரக்கண்ணால் அளந்துகொள்கிறவர்கள் என்றுதான் பொதுவாகப் பேச்சு. இந்த இருவரும் அப்படி இல்லை. அக்காவைக் கட்டியவர் பழுதான லிஃப்ட்டுகளைச் சரி செய்கிறவர். பேச்சு குறைவு, சந்தேகம் அதிகம். தங்கையைக் கட்டியவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவர். வெள்ளையிலேயே பத்து வெள்ளை காட்டுவார், வாயைத் திறந்தால் மூட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் பெயிண்ட்காரர் இரண்டு தெரு தள்ளி நடந்து சகலை வீட்டுக்கு வந்துவிடுவார். லிஃப்ட்காரருக்கு வேறு நண்பர்கள் யாரும் இல்லை. வாரம் முழுக்க இருட்டுக் குழிகளில் கம்பிவடத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த ஒரு மதியம்தான் மனுஷ வாழ்க்கை.

கும்பிடுபூச்சி இறாலைப் பற்றி முதலில் பேச்செடுத்தது பெயிண்ட்காரர். மனிதக் கண்ணுக்குத் தெரியாத நிறமெல்லாம் அதற்குத் தெரியும் என்று எங்கேயோ படித்துவிட்டு, தன்னைவிடப் பெரிய நிபுணர் ஒருவர் கடலுக்கடியில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். லிஃப்ட்காரருக்கு நிறம் பெரிதாகப் படவில்லை. அதன் குத்துதான் அவரைப் பிடித்துக்கொண்டது. விரல் நீளமே இருக்கிற பிராணி, முன்னங்கால்களை மடக்கி ஏதோ பெரிய மனிதரைக் கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும். கும்பிட்ட கையாலேயே ஒரு குத்து விட்டால் நத்தை ஓடு தூள், சமயத்தில் கண்ணாடித் தொட்டியும் விரிசல். அப்படிப்பட்டவனை வீட்டுக்குள் வைப்பதென்றால் எதில் வைப்பது என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்தவர் நான்கு வருடம் யோசித்தார்.

தொட்டி ஒன்று, ஆள் இரண்டு, வைக்கிற இடம் மூத்தவரான லிஃப்ட்காரர் வீடு என்று முடிவாயிற்று. லிஃப்ட்காரர் ஹால் தரையில் சாக்பீஸால் தொட்டியின் அளவுக்குக் கோடு போட்டார். கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக்தான் என்று முடிவு செய்ய ஒரு மழைக்காலம் ஆயிற்று. பாறைகளை மணலுக்கு மேல் வைக்கக் கூடாது, அடித்தளத்தில் நேராக உட்கார வைத்துவிட்டுப் பிறகுதான் மணலைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் இறால் வளை தோண்டும்போது பாறை சரிந்து அதன் தலையிலேயே விழும் என்று கண்டுபிடித்தது லிஃப்ட்காரர். விழுகிற பொருளை விழாமல் செய்வதுதானே அவர் பிழைப்பு. வளைக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், எகிறிக் குதிக்காமல் இருக்க மூடி, இறாலை உள்ளே விடுவதற்கு முன் ஒரு மாதம் வெறும் தண்ணீரை ஓடவிடுவது, எல்லாம் பேசி முடிந்தது. பெயிண்ட்காரர் போனைப் பார்த்துப் படித்துச் சொன்ன விதி ஒன்றும் இருந்தது.

“ஒரு தொட்டிக்கு ஒண்ணுதான் சகல. ரெண்டு விட்டா அடிச்சிக்கிட்டு ஒண்ணுதான் மிஞ்சும்.”

வீட்டில் எல்லோரும் அந்தக் கோட்டைச் சுற்றியே நடந்தார்கள். லிஃப்ட்காரரின் மனைவி தரை துடைத்தால் கோடு அழிந்துவிடும்; துடைத்து முடித்ததும் அவளே சாக்பீஸை எடுத்து மறுபடி போட்டுவிடுவாள். விருந்தாளிகள் தெரியாமல் கோட்டுக்குள் காலை வைத்தால், “கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அங்க தொட்டி இருக்கு” என்பாள். அவர்களும் தள்ளி உட்கார்ந்தார்கள்.

நான்காவது வருடக் கடைசியில் பெயிண்ட்காரரின் கேள்விகள் திடீரென்று கூர்மையாயின. மணல் எத்தனை விரல் ஆழம், ஃபில்டர் குழாய் எந்தப் பக்கம், மூடிக்கு எவ்வளவு இடைவெளி. இத்தனை காலம் அவசரப்பட்டவர் இப்போது தன் வழிக்கு வந்துவிட்டார் என்று லிஃப்ட்காரருக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொன்றையும் வரைந்து காட்டினார், திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விடுவாள். அதையும் அவர் கவனித்தார். இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டார்.

பெயிண்ட்காரர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் வேறொரு மெக்கானிக்கின் பொறுப்பில் இருந்தது. அந்த மெக்கானிக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு விடுப்பில் இருந்த ஒரு காலை நேரம், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. லிஃப்ட்காரர் போனார். மின்சாரத்தை நிறுத்தினார், பிரேக்கைத் தளர்த்தினார், கைச்சக்கரத்தைச் சுற்றிக் கூண்டை முடிந்த மட்டும் கொண்டுவந்தார். வழக்கம்போல வெளியிலிருந்து, “உள்ள யாருங்க, பயப்படாதீங்க, கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க” என்று குரல் கொடுத்தார். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது; பதில் வரவில்லை. கதவை நெம்பித் திறந்தபோது கூண்டின் தரை அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. அதில் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சகலை நின்றார்.

மாட்டிக்கொண்ட பயணிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். “முதல்ல பெட்டியக் குடுங்க, அப்புறம் நீங்க எறங்குங்க” என்றார். பெட்டி அவர் கைக்கு வந்த பிறகுதான் உள்ளே பார்த்தார். தண்ணீர் நிரப்பிய பையில், பச்சை முதுகும் சிவப்புக் கால்களுமாக அது கும்பிட்டபடி இருந்தது. இரண்டு கண்களும் தனித்தனிக் காம்புகளில் நின்றன. ஒரு கண் அவரைப் பார்த்தது, இன்னொன்று அவருடைய சகலையைப் பார்த்தது.

“உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சகல...”

“தொட்டி எங்க?”

“மேல. நம்ம வீட்டுல.”

“தண்ணி ஓடவிட்டாச்சா?”

“ஒரு மாசம் ஆச்சு.”

“பாறை?”

“நீங்க சொன்ன மாதிரியேதான். அடியில நேரா உக்கார வெச்சிட்டு, அப்புறமா மணலு.”

ஒரு குறை சொல்ல வழியில்லை. எல்லாம் சரியாக இருந்தது, எல்லாமே அவர் சொன்னது. அதுதான் அவரை அடித்துப் போட்டது. தொட்டி வாங்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கொண்டுபோயிருக்கிறார். பெயிண்ட்காரர் இறங்கி, கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினார். லிஃப்ட்காரர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது அதைக் கொடுக்காமல் நேரே படியிறங்கி வீட்டுக்குப் போயிருந்தால் கேட்க நாதியில்லை என்று தெருவில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. லிஃப்ட்டை மேலும் கீழும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வீட்டில் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

அவள் குழாயை மூடவில்லை. “தங்கச்சி சத்தியம் வாங்கிட்டா. நீங்க எப்பவும் பார்ப்போம் பார்ப்போம்னே சொல்லிட்டு இருந்தீங்களாம். அவருக்குப் பொறுமை போயிடுச்சாம்.”

“எப்பலேருந்து தெரியும்?”

“தொட்டி வந்த அன்னிக்கே.”

“அப்புறம் எதுக்கு வாராவாரம் கோடு போட்ட?”

அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். பெயிண்ட்காரர் நம்பவைத்துக் கழுத்தை அறுத்தார் என்றால் இவள் அறுபட்ட கழுத்துக்குத் தினமும் டீ கொடுத்திருக்கிறாள். லிஃப்ட்காரர் கத்தவில்லை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், மண்டி போட்டு அந்தக் கோட்டை அழிக்க ஆரம்பித்தார். கோடு அழியவில்லை. துணியிலிருந்து வடிந்த தண்ணீர் கோட்டைத் தாண்டாமல் உள்ளேயே தேங்கியது. அவர் அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கூடியது. கண்ணிலிருந்தும் கொஞ்சம் விழுந்திருக்கலாம். அதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. மறுநாள் கணுக்கால் அளவு நின்றது, அந்த வாரக் கடைசியில் முழங்காலுக்கு வந்தது, திட்டமிட்ட இரண்டடி வந்ததும் நின்றுவிட்டது. அடியில் மணல் படிந்தது. அதற்கு முன்பே பாறைகள் வந்து நேராக உட்கார்ந்திருந்தன, சரியான முறைப்படி.

ஒரு மாதம் கழித்துத் தட்டுகிற சத்தம் கேட்டது. மணலில் யாரோ வளை தோண்டினார்கள். தோண்டியவர் கண்ணுக்குத் தெரியவில்லை. லிஃப்ட்காரர் ஒரு நத்தையைப் போட்டார். டொக்கென்று ஒரு சத்தம், ஓடு தூளாகி மெதுவாக அடியில் இறங்கியது. உடைக்கச் சுவரே இல்லாத தொட்டி அதற்குப் பிடித்திருக்க வேண்டும். நான்கு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டும் இந்த யோசனை தனக்கு வரவில்லையே என்று ஒரு கணம் அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

அந்தத் தண்ணீர் எல்லோரையும் நனைத்தது, இரண்டு பேரைத் தவிர. வாரத்துக்கு ஒரு முறை உடைந்த ஓடுகளை அள்ளுவதற்காக மனைவி தோள் வரை கையை விடுவாள். வெளியே எடுத்தால் கை காய்ந்திருக்கும். முதல் தடவை அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவருக்கும் தெரிந்தது. அவளோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லைதான். உப்பு, வாடகை, மழை என்று எல்லாம் பேசினார். மனசிலிருப்பதைப் பேசவில்லை. அவள் கையைத் துடைக்கத் தேவையில்லாமலே முந்தானையில் துடைத்துக்கொண்டு போவாள். அது அவளுக்கு வலித்தது.

இரண்டு தெரு தள்ளி இருந்த இறால் சாகவுமில்லை, வாழவுமில்லை. போட்ட நத்தைகள் அதன் மூக்குக்கு நேரே ஊர்ந்து போயின. அது கையை ஓங்கவில்லை. பச்சை போயிற்று, அப்புறம் சிவப்பு போயிற்று. சில வருடங்களில், இன்னும் எந்த நிறமும் கலக்காத பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் தெரிகிற அந்த வெள்ளைக்கு வந்துவிட்டது. அதற்குள் பெயிண்ட்காரருக்கும் கடையில் நிறங்கள் தவற ஆரம்பித்திருந்தன. ஞாயிறு மதியங்களில் அவர் தன் வீட்டு வாசல் வரை வந்து செருப்பை மாட்டுவார், பிறகு கழற்றிவிடுவார் என்று அவருடைய மனைவி அக்காவிடம் போனில் சொன்னாள். அக்கா அந்தப் பேச்சு எதையும் மறைக்காமல், கணவர் கேட்காமலே அவரிடம் சொல்லிவிடுவாள்.

ஒரு ஞாயிறு பெயிண்ட்காரர் வந்தேவிட்டார், அதே தெர்மாகோல் பெட்டியோடு. தண்ணீரைச் சுற்றி நடந்து வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தார். உள்ளே டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு விரல்களை உள்ளே விட்டு எடுத்தார்.

“நனையலையே சகல.”

“இல்ல. உங்களுக்கு நனையாது.”

பெயிண்ட்காரர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் பண்ணினது தப்புதான். அன்னிக்கு லிஃப்ட்டுக்குள்ள உங்க குரல் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு, வாயைத் திறக்க முடியல. இதையும் இங்கயே விட்டுடறேன். இங்கயாவது அது நல்லா இருக்கட்டும். நானும் முன்ன மாதிரி வாராவாரம் வந்து பார்த்துட்டுப் போறேன்.”

லிஃப்ட்காரர் பெட்டியை வாங்கினார். மூடியைத் திறந்து பார்த்தார். அது இன்னும் கும்பிட்டபடியேதான் இருந்தது. இந்த முறை இரண்டு கண்களும் அவரையே பார்த்தன. அதற்காக அவர் மனசு இளகத்தான் செய்தது. நான்கு வருடம் எதிர்பார்த்த உயிர் அல்லவா. மூடியைச் சரியாகப் பொருத்தி, பெட்டியைத் திருப்பி நீட்டினார்.

“ஒரு தொட்டிக்கு ஒண்ணுதான். நீங்கதான் படிச்சுச் சொன்னீங்க.”

பெயிண்ட்காரர் வாங்கிக்கொண்டார். எழுந்து செருப்பைப் போடும்போது, “சாயாமப் புடிங்க, தண்ணி கலங்கும்” என்று உள்ளேயிருந்து லிஃப்ட்காரரின் குரல் வந்தது. அவர் சாயாமல் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து போனதைப் பலரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த நாள் காலையில் மனைவி வழக்கம்போல ஓடுகளை அள்ளக் கையை விட்டாள். வெளியே எடுத்தவள் அப்படியே நின்றாள். அதைத் தனக்குள் ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொள்ளவில்லை, நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டாள்.

“ஏங்க, சுண்டு விரல் நனைஞ்சிருக்கு.”

அவர் சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார். அவள் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். மற்ற விரல்கள் காய்ந்திருந்தன. அந்த நுனியில் மட்டும் ஒரு சொட்டு தொங்கியது. அதைத் தன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்புதான்” என்றார். பிறகு கீழே குனிந்து பார்த்துவிட்டு, “ஜன்னல் பக்கம் கோடு மங்கியிருக்கு பாரு” என்றார்.

அவள் சாக்பீஸை எடுத்துவந்து அந்தப் பக்கத்தை மறுபடி போட்டாள்.