நானூற்றுப் பதினேழாவது அறை

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த காலையில், தங்கை பகவதியின் கல்யாணக் கடிதங்களுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தான் வள்ளிநாயகம். முற்றத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நிமிர்ந்து பார்த்தால் சிலுவைதாசன். கல்கத்தாவில் இருக்க வேண்டியவன். கணுக்கால் வரை சேறு, கையில் தகரப் பெட்டி, கக்கத்தில் எண்ணெய்த்துணி சுற்றிய காகிதச் சுருள். மூன்று நாள் ரயிலும் ஒரு நாள் பஸ்ஸும் ஏறி, கடியப்பட்டணத்துக்குத் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே தாழக்குடிக்கு வந்திருந்தான்.

இருவரும் கல்கத்தாவில் ஒரே அறையில் தங்கி ஒரே ஆபீசில் வேலை பார்த்தார்கள். வள்ளிநாயகம் திருவனந்தபுரத்தில் கணக்குப் படித்தவன். சிலுவைதாசன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு மீன் ஏலக்கடையில் நின்றவன். அவனை அழைத்துப் போய் அட்டையில் துளை போடும் வேலையில் சேர்த்துவிட்டது வள்ளிநாயகம்தான். அங்கே அவர்களுக்குள் நீ, நான், மக்கா. முற்றத்தில் நின்றபடி சிலுவைதாசன் "நீங்க" என்றான். வள்ளிநாயகத்தின் அம்மா அவனுக்குக் கொண்டுவந்த காப்பி, வெளியாட்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் இருந்தது. அதை அவனும் பார்த்தான், இவனும் பார்த்தான்.

"என்னைய வேலைய விட்டு நிறுத்தி வச்சிருக்காவ. அஞ்சாந்தேதிக்குள்ள எழுத்துல காரணம் சொல்லணும். நான் தப்பா துளை போட்டுட்டேன்னு சொல்லுதாவ."

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கணக்குப் பொறி அந்த ஆபீசில் இருந்தது. அதன் உருளையில் ஆயிரத்துச் சொச்சம் அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண், ஒவ்வொன்றிலும் ஒரு தொகை. பொறிக்கு எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. முன்னூற்றாறாம் அறையில் உள்ளதை முன்னூற்றேழோடு கூட்டு என்றால் கூட்டும். எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது பொறிக்கான கட்டளைகளை, அதாவது நிரலை, எழுதுகிற மனிதனின் பாடு. வள்ளிநாயகம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அறைகளுக்குத் தமிழில் பேர் வைத்திருந்தான். வயல், மரக்கால், மழை, தள்ளுபடி, மிச்சம். பேருக்கு எதிரே எண். முதலில் பேர்களை வைத்து நிரலை எழுதுவான். பிறகு ஒவ்வொரு பேரையும் அடித்துவிட்டு எண்ணைப் போடுவான். எண்கள் மட்டும் உள்ள தாள் சிலுவைதாசன் கைக்குப் போகும். அவன் அதைப் பார்த்து, பொறி வாசிக்கும் அட்டைகளில் துளை போடுவான். துளை போட்ட பிறகு பேர்கள் எங்கும் கிடையாது, அந்த நோட்டில் தவிர.

மாதிரி வயல்களை அறுத்து அளந்த கணக்கிலிருந்து ஒரு மாகாணத்தின் நெல் விளைச்சலைச் சொல்வது அந்த நிரலின் வேலை. வெள்ளோட்டத்தில் சரியாக வந்தது. ஆபீசின் பெரியவர்கள் வள்ளிநாயகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மார்கழிக்குள் வேலை நிரந்தரமாகிவிடும் என்று சொன்னார்கள். அதன் பிறகுதான் அவன் லீவில் வந்தான். இப்போது முழுக் கணக்கையும் ஓட்டியபோது, வெள்ளத்தில் அழிந்த ஜில்லாக்களிலெல்லாம் விளைச்சல் கூடுதலாக வந்திருக்கிறது. நிரல் முன்பே சரி பார்த்தது, ஆகவே துளையில்தான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"நீங்க எழுதித் தந்தத அப்படியேதான் துளச்சேன்" என்றான் சிலுவைதாசன். "அட்டையில உள்ளத எல்லாம் அச்சடிச்சுக் கொண்டாந்திருக்கேன். அந்தப் பேரு எழுதின நோட்டு உங்க கையில உண்டா?"

"இல்ல. கல்கத்தால மேசைக்குள்ள பூட்டி வச்சிருக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று வள்ளிநாயகத்துக்குத் தெரியவில்லை. யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. நோட்டு உள்ளே அவன் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. சிலுவைதாசன் சற்று நேரம் அவனையே பார்த்தான். பிறகு காகிதச் சுருளை நடையில் வைத்துவிட்டு, ஒருமுறை பார்த்து வையுங்கள், உங்களுக்கு எண்ணைக் கண்டாலே விளங்கும் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். டம்ளரில் காப்பி பாதி இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான். நெல் போட்டு வைக்கும் அறைப்புரையில் போய் உட்கார்ந்து சுருளைத் தரையில் விரித்தான். ஆள் நீளத்துக்கு எண்கள். நோட்டை ஒரு கையிலும் சுருளை ஒரு கையிலும் பிடித்து ஒத்துப் பார்க்க முடியவில்லை. கண் வரி மாறி மாறிப் போனது. எழுந்து வயலுக்குப் போனான். வரப்பில் பாதி தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். கிணற்றடியில் நின்றான். அப்பா தாணுலிங்கம் பிள்ளை, பந்தல்காரனிடம் பேசிவிட்டாயா என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னோம் என்று அவனுக்கே நினைவில்லை.

மறுநாள் மனைவி உலகம்மை அறைப்புரை வாசலில் வந்து நின்று, என்ன காகிதம் அது என்று கேட்டாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சொன்னால் விளங்காது என்று சொல்லத் தொடங்கி, பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நோட்டை அவள் வாசிப்பது, அவன் சுருளில் அந்த எண் வருகிற இடங்களைத் தேடி அடிக்கோடு போடுவது என்று ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் அவள் வாசித்தாள். வயல், முன்னூத்தி ஆறு. மரக்கால், முன்னூத்தி ஏழு. எங்கும் துளையில் பிழை இல்லை. சிலுவைதாசன் ஒரு புள்ளி பிசகாமல் போட்டிருந்தான். ஒவ்வொரு வரி சரியாக வரும்போதும் வள்ளிநாயகம் அடிக்கோட்டை இன்னும் அழுத்திப் போட்டான்.

ஒன்பதாம் பக்கத்தில் அவள் ராகம் நின்றது.

"மிச்சம், நானூத்திப் பதினேழு. இந்த நம்பர முன்னயே வாசிச்சேன்லா?"

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள். தள்ளுபடி, நானூற்றுப் பதினேழு.

ஒரே அறைக்கு இரண்டு பேர். அவன் கையெழுத்துதான் இரண்டும். மிச்சத்துக்கு முதலில் வைத்திருந்த எண்ணை அழித்துவிட்டு, காலியாக இருக்கிறது என்று நினைத்து நானூற்றுப் பதினேழைப் போட்ட அந்தச் சாயங்காலம் அவனுக்கு நினைவு வந்தது. அழிந்துபோன வயல் ஒன்றைத் தள்ளுபடி என்று எண்ணும்போதெல்லாம் பொறி அந்த ஒன்றை, கடைசியில் விளைச்சலாக வரும் மிச்சத்திலேயே கூட்டியிருக்கிறது. வெள்ளோட்டத்துக்குக் கொடுத்த ஊர்களில் தள்ளுபடியே இல்லை. அதனால் சரியாக வந்தது.

"அப்பம் தப்பு நம்மளுதா?" என்றாள் உலகம்மை.

அவன் தலையசைத்தான். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே பகவதி யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. நிச்சயதாம்பூலத்தன்று மாப்பிள்ளையின் அப்பா எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார், நிலபுலம் எங்களிடமும் உண்டு, நிரந்தரச் சம்பளக்காரன் ஆகப்போகிற ஒருவன் உள்ள வீடு என்றுதான் வந்தோம் என்று. கல்யாணம் பதினோராந்தேதி.

"கல்யாணம் முடியட்டு" என்றாள் உலகம்மை மெல்ல. "பன்னெண்டாந்தேதி எழுதிப் போடுங்க. அவருக்கு வேல திரும்பக் கிடைக்கும். ஒரு வாரம் கூடப் போகும், அவ்வளவுதான்."

அது நியாயமாகத்தான் தோன்றியது. அவன் சரி என்றான். அன்றிரவு உறங்கவும் செய்தான்.

நவம்பர் ஒன்றாந்தேதி நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நாகர்கோவில் முழுக்கத் தோரணம். கடிதம் கொடுக்கப் போன இடத்திலெல்லாம் கையில் சீனியைத் திணித்தார்கள். இனி பேச்சு எல்லாம் தமிழில்தான் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். வள்ளிநாயகம் எல்லாரோடும் சிரித்தான். ஆனால் ஒரு வீட்டில் ஐந்து நிமிஷம் இருக்க முடியவில்லை. எழுத்தில் காரணம் சொல்ல அஞ்சாந்தேதி கடைசி. சிலுவைதாசன் என்ன எழுதுவான்? அவன் கையில் எண்கள்கூட இப்போது இல்லை. இருந்த ஒரே தாளையும் இவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கொடுக்க வேண்டிய கடிதங்கள் இன்னும் பத்துப் பதினைந்து பையில் இருக்க, வடசேரியில் குளச்சல் பஸ்ஸைக் கண்டதும் ஓடிப் போய் ஏறிக்கொண்டான்.

கடியப்பட்டணத்தில் சிலுவைதாசனின் அம்மா சூசம்மாள் கருவாட்டை மழைக்குப் பயந்து உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மகனுக்கு ஒரு மாத லீவு கிடைத்திருக்கிறது, எல்லாம் நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலை என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமும் உப்புமான அந்தக் கையிலிருந்து தன் கையை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றான். மகனைக் கடற்கரையில் தேடச் சொன்னாள்.

சிலுவைதாசன் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். வள்ளிநாயகம் எதிரே மணலில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னான். நானூற்றுப் பதினேழு. மூன்றாம் பக்கம், ஒன்பதாம் பக்கம். துளையில் ஒரு பிழையும் இல்லை. நோட்டு என் பெட்டியில்தான் இருந்தது.

"தெரியும்" என்றான் சிலுவைதாசன். "நீ லீவுக்குப் புறப்பட்ட அன்னைக்கு உனக்க பெட்டிய அடுக்கிப் பூட்டினது நான்லா."

அலை வந்து போனது. வள்ளிநாயகத்துக்கு முகம் கொதித்தது.

"பின்ன ஏன் கேக்கல்ல?"

"உனக்க வீட்டு முற்றத்துல வச்சு எப்படிக் கேக்க? உனக்க அப்பா நிக்காரு, அம்மா நிக்காவ. நீயா வருவன்னு இருந்தேன். வரல்லன்னா என்ன செய்யணும்னும் யோசிச்சுட்டுத்தான் இருந்தேன், மக்கா."

என்ன செய்திருப்பான் என்று வள்ளிநாயகம் கேட்கவில்லை. மறுபடி "நீ" என்று கூப்பிட்டது நட்பா, கோபமா என்றும் தெரியவில்லை. கல்கத்தா ஆபீசுக்குத் தந்தி கொடுக்க, இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே குளச்சலுக்குப் போனார்கள். வழியில் அதிகம் பேசவில்லை. ஒரு இடத்தில் மழை பிடித்தது. சிலுவைதாசன் தலையில் போட்டிருந்த துவர்த்துத் துண்டின் மறு முனையை இவன் பக்கம் நீட்டினான். அது இரண்டு பேருக்குப் போதவில்லை.

தந்தி ஆபீசுக்கு அன்று விடுமுறை. ஆனாலும் அவசரத் தந்தி வாங்க ஒருவர் இருந்தார். வள்ளிநாயகம் படிவத்தில் எழுதினான். பிழை என்னுடையது, நானூற்றுப் பதினேழாம் அறையை இரண்டு காரியத்துக்கு வைத்துவிட்டேன், துளை முழுக்கச் சரி. ஆங்கிலத்தில் எழுதும்போது அது இன்னும் சுருங்கி, இன்னும் கடுமையாக இருந்தது. தந்திக்காரர், எண்ணை எண்ணாகவே விட்டால் வழியில் மாறிப்போகும், எழுத்தில் எழுதுங்கள் என்றார். அவன் நான்கு, ஒன்று, ஏழு என்று தனித்தனியாக எழுத்தில் எழுதிக் கொடுத்தான். தந்திக் கட்டை டிக்டிக்கென்று அடிக்கத் தொடங்கியபோது சிலுவைதாசன் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

வீட்டுக்கு வந்து உலகம்மையிடம் சொன்னான். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்து, திரும்ப உள்ளே தள்ளினாள். "எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள் கடைசியில். சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆறாந்தேதி சிலுவைதாசனுக்குத் தந்தி வந்தது, உடனே வேலைக்குத் திரும்பவும் என்று. அவன் மறுநாளே புறப்படுவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். வள்ளிநாயகத்துக்கு வந்த தந்தியில் நிரந்தர உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவும், நேரில் விளக்கம் தர வேண்டுமென்றும் இருந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதன் பிறகு அவன் கை ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தப் பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பகவதியிடம் அவனே சொன்னான். பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் நாரைப் பல்லில் கடித்தபடி முழுக்கக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தான்.

"மாப்பிள்ள வீட்டுல யாரு சொல்லுதது? நீங்க சொல்லுவியளா, நான் சொல்லணுமா?"

"நான் சொல்லுதேன்."

"கல்யாணத்துக்கு முந்தி சொல்லுங்க. பிந்தி சொன்னா அங்க இருந்து பதில் சொல்ல வேண்டியவ நான்."

மாப்பிள்ளையின் அப்பா பந்தல் பார்க்க அன்று மாலை வருவதாக இருந்தது. நாலு மணிக்கே வள்ளிநாயகம் சட்டையை மாற்றிக்கொண்டு நின்றான். தெருமுனை வரை போனான், திரும்பினான். முற்றத்தில் ஓலைப் பந்தலுக்கு அடியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முந்திய காற்று எழுந்து துணியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அப்பா அவனைக் கூப்பிட்டு, சும்மா நடந்துகொண்டிருக்காமல் அந்த மூலையைப் பிடி என்றார். அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

முக்காலியில் ஏறிக் கைகளைத் தூக்கித் துணியின் முனையைப் பிடித்தான். காற்று உள்ளே புகுந்து துணி மொத்தமும் உப்பி அவன் முகத்தின் மேல் இறங்கியது. கண்ணுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கஞ்சி போட்ட வாசனை. விட்டுவிடாதே, முடிச்சுப் போடுகிறேன் என்று மேலேயிருந்து பந்தல்காரன் சொன்னான். தெருவில் ஒரு வில்வண்டி வந்து நிற்கும் சத்தம், மாட்டின் மணி, படலைத் தள்ளும் ஓசை. அப்பா சம்பந்தியை வாருங்கள் என்று கூப்பிட்டார். காலடிகள் முற்றத்து ஈர மண்ணில் அவன் இருந்த பக்கமாக வந்தன. அவன் துணியை இழுத்துப் பிடித்தபடி நின்றான்.