பூ வைத்த நாவல்

மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு பிச்சைமுத்து இன்னொரு பெட்டியையும் கவிழ்த்தார். புத்தகங்கள் சரிந்து முழங்காலில் விழுந்தன. நீலத்தாள் போட்டது, மஞ்சள்தாள் போட்டது, எலி கடித்தது. பச்சை மட்டும் இல்லை. தூசியில் தும்மல் வந்தது. ஹாலில் பிணத்தை வைத்துக்கொண்டு தும்மினால் யாராவது ஏதாவது சொல்லுவார்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்பா! என்னாப்பா பண்றீங்க இங்க? மாமா உங்கள தேடிக்கிட்டு இருக்காரு. ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க."

தினேஸ்வரி வாசலில் நின்றாள். தைப்பிங்கில் அரசாங்க வேலை பார்க்கும் ஒரே மகள். நேற்றுச் சாயங்காலம் செய்தி கேட்டதும் கொட்டுகிற மழையில் காரை ஓட்டிக்கொண்டு ஈப்போ வந்து சேர்ந்தவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மா படிச்சிகிட்டிருந்த புஸ்தகம் எங்கம்மா? பச்சத்தாள் போட்டிருக்கும்."

"இப்ப எதுக்குப்பா அது?"

"கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கு."

தினேஸ்வரி அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். அவருக்கு அதை விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

நேற்று மத்தியானம் அவர் சாப்பாடு வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது சரளா ஹால் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண்ணாடி மூக்கில், புத்தகம் மடியில். தூங்குகிறாள் என்று நினைத்து, காற்றாடியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வாங்கி வந்ததைத் தட்டில் கொட்டினார். அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சர்க்கரை, இருதயம் எல்லாம் இருந்த உடம்பு, வலி தெரியாமல் போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னார். அதைக்கூட அவரால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. புத்தகத்தில் கிடந்த அந்தச் சிவப்பு ரிப்பனைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆயுதபூசைக்கு லாரியில் கட்டிய ரிப்பன் அது. கடைசி அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் கிடந்தது.

ஒரு கதையைப் பாதியில் விட்டால் சரளாவுக்குச் சோறு இறங்காது. அவர் மீன் லாரி ஓட்டிய காலத்தில் மீன் ஏற்ற ஹுத்தான் மெலிந்தாங்குக்கு அவளும் கூட வருவாள். ஒரு தடவை மீன் கொட்டகையிலேயே புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள். தெலுக் இந்தான் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. லாரியைத் திருப்பச் சொல்லி ஒரே பிடிவாதம். பின்னால் ஐஸ் உருகிச் சொட்டுகிறது, முதலாளி தவுக்கே கொன்றே போடுவான் என்று அவர் கத்தினார். "கத்துங்க. ஆனா திருப்பிட்டு கத்துங்க," என்றாள். திருப்பினார். தவுக்கே சீன மொழியில் திட்டிய திட்டு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஆனால் அந்த வீட்டில் அவளை நிம்மதியாக ஒரு அத்தியாயம் முடிக்கவிட்டது யார்? சரியாகக் கடைசிப் பக்கத்துக்கு வரும்போதுதான் கேஸ்காரன் மணி அடிப்பான், சோறு பொங்கும், சொந்தக்காரர் வந்து நிற்பார். 'சும்மாதான படிக்கிற, இந்த வெங்காயத்த உரி' என்பார்கள். அந்த 'சும்மா'வைக் கேட்டால் அவளுக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறும். "ஒரு அத்தியாயத்த முடிக்க விடமாட்டீங்களா?" என்று கேட்பாள். விடவே மாட்டார்கள்.

"ஹால ஒதுக்குனது வீரம்மா அத்ததான். அவங்கள கேளுங்க," என்றாள் தினேஸ்வரி.

ஹாலுக்கு வந்தார். நடுவில் பெட்டிக்குள் சரளா கிடந்தாள். கண்ணாடி போட்டே படுக்கவைக்க வேண்டும் என்று மகள் அடம்பிடித்திருந்ததால், முகம் அவள் முகமாகவே இருந்தது. தலைமாட்டில் சதாசிவம் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். சரளாவின் அண்ணன், கோயில் தலைவர். மைக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"என் தங்கச்சி பதிகம் படிச்சிகிட்டே கண்ண மூடிட்டா. இந்தக் காலத்துல யாருக்குங்க கெடைக்கும் இப்படி ஒரு சாவு? புஸ்தகம் சாமி ரூம்ல இருக்கு, போய்க் கும்பிட்டுக்கிங்க."

பிச்சைமுத்துவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சாமி அறைக்கு ஓடினார்.

அங்கேதான் இருந்தது. முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில், பச்சைத்தாள் போட்ட நாவல். அட்டையில் சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு, அதன் மேல் ஒரு செம்பருத்தி. யாரோ ஒரு அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"யாரு இத இங்க வச்சது, வீரம்மா?" அடுப்படியிலிருந்து வந்தவளைக் கேட்டார்.

"நான்தாண்ணே." லகாட் பக்கத்துத் தோட்டத்தில் அவரோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்து, இப்போது அடுத்த வீட்டில் இருக்கும் வீரம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "சாகறப்ப மடியில புஸ்தகம் இருந்திச்சி. சாமி புஸ்தகமாதான இருக்கும்? கால் படுற எடத்துல கெடக்கக்கூடாதுன்னு எடுத்து வச்சேன்."

பிச்சைமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சரளாவிடம் இதைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பாள், மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்லுவாள். சொல்லலாம் என்று அவர் திரும்பியே விட்டார். அப்புறம்தான் ஹாலில் இருந்த பெட்டி கண்ணில் பட்டது.

பூவை எடுத்து முருகனுக்கு வைத்துவிட்டு, புத்தகத்தோடு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பார். கதையெல்லாம் சரளா வாயால் கேட்டதுதான். தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்குப் படித்ததை அவள் சொல்லுவாள், அவர் சண்டை போடுவார். இந்தக் கதைக்குப் பந்தயமே கட்டியிருந்தார்கள். சொத்துக்காக ஏமாற்றிய அண்ணனை விட்டுப் பிரிந்து தனியாக வாழும் மங்களம் கடைசியில் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாளா, மாட்டாளா? போவாள் என்றார் அவர். போனால் புத்தகத்தைத் தூக்கி எறிவேன் என்றாள் அவள். அவள் ஜெயித்தால் அவர் புதிதாக ஓர் அலமாரி அடித்துக் கொடுக்க வேண்டும்.

ரிப்பனைத் தள்ளிவிட்டு, விரலை வரிக்குக் கீழே வைத்துத் தாழ்ந்த குரலில் தொடங்கினார். நாலு வரி போவதற்குள் ஒருவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுபடி தொடங்கினார். தண்ணீர் போத்தல் எங்கே என்று ஒரு பையன் கேட்டான். மறுபடி தொடங்கினார். ஈமச்சடங்கு ஏற்பாடு செய்யும் சுகுமாரன் வந்து, மின்சுடலையில் நேரம் கொடுத்திருக்கிறார்கள், தாமதமானால் சூசா, சிரமமாகிவிடும் என்று காதில் சொன்னார். இவ்வளவு எரிச்சலையும் இவள் எப்படித்தான் தாங்கினாளோ!

அப்போதுதான் சதாசிவம் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது.

"ஆகா, மாப்ள! தங்கச்சி விட்டத நீங்க முடிக்கிறீங்களா? மெதுவா படிச்சா எப்படிலா? எல்லாரும் கேக்கட்டும்." மைக்கைக் கொண்டுவந்து அவர் வாயருகே நீட்டிவிட்டார்.

வரியில் விரல் இருந்தது. நிறுத்த முடியவில்லை. "'நீ யாருடா எனக்குப் புத்தி சொல்ல?' என்று மங்களம் செருப்பை மாட்டிக்கொண்டாள்," என்றது வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி.

வெளியே போட்டிருந்த கூடாரத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பதிகம் பாட வந்து தாளத்தை எடுத்து வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னா மாப்ள இது?"

"நாவல்."

"நாவலா?"

"ஆமா மச்சான். சரளா பதிகம் படிக்கல. நாவல் படிச்சிகிட்டேதான் போனா. வாழ்நாள் பூரா அததான படிச்சா?"

சதாசிவம் மைக்கைக் கையால் பொத்தினார். "ஐயோ, எல்லாருக்கும் வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேனே!"

"திருத்தி அனுப்புங்க."

"ஆளுங்க என்னா நெனைப்பாங்க, மாப்ள?"

"படிக்கிற பொம்பளன்னு நெனைப்பாங்க. நெனைக்கட்டுமே! இந்தத் தாமான்ல, இத்தன வீட்டுக்கு நடுவுல, இவ்வளவு புஸ்தகம் படிச்ச ஒருத்தி இருந்தான்னு இவங்களுக்குத் தெரிய வேணாமா? நான் லாரி ஓட்டுனவன். ஆனா எனக்கு எத்தன ஊரு தெரியும், எத்தன குடும்பத்துக் கத தெரியும்! எல்லாம் இவ சொன்னது."

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மைத்துனரிடம் இவ்வளவு நீளமாக அவர் பேசியதே கிடையாது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வெட்கமாக இல்லை, பெருமையாக இருந்தது.

"சரி, சரி. அப்புறம் பேசிக்கலாம். பாடுறவங்க காத்திருக்காங்க. புஸ்தகத்த மூடுங்க."

"அவ படிச்சிகிட்டு இருக்கா, மச்சான்," என்றார் பிச்சைமுத்து. "கொஞ்சம் இருங்க. இந்த ஒரு அத்தியாயத்த முடிக்கட்டும்."

தினேஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். "படிங்கப்பா," என்றாள்.

படித்தார். மைக் இல்லாமல், விரலை வைத்து, கூட்டிக் கூட்டி. கஷ்டமான சொல் வந்தபோது தினேஸ்வரி எட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வீரம்மா வந்து பாயில் உட்கார்ந்து, "யாருண்ணே இந்த மங்களம்?" என்றாள். அவர் நிறுத்தி, முந்திய கதையை நாலு வார்த்தையில் சொன்னார். "அண்ணனா அவன்? நாசமாப் போக," என்று வீரம்மா சாபம் விட்டாள். தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறவர்களும் நகர்ந்து வந்தார்கள். சுகுமாரன் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவரும் தூணில் சாய்ந்துகொண்டார். மங்களம் பஸ்ஸில் ஏறினாள். மங்களம் பழைய வீட்டு வாசலில் நின்றாள். சதாசிவம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார், ஆனால் நகரவில்லை.

கடைசிப் பக்கத்தில் மங்களம் அண்ணன் காலில் விழுந்து அழுதாள். அண்ணன் தூக்கி நிறுத்தினான். எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். முற்றும்.

"அடிப்பாவி! போயிட்டாளா?" என்றாள் வீரம்மா.

பிச்சைமுத்து புத்தகத்தை மூடினார். பந்தயத்தில் அவர்தான் ஜெயித்திருந்தார். பெட்டிக்குள் குனிந்து, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரியே சொன்னார்: "நான் சொன்னதுதான் நடந்திச்சி, சரளா. ஆனா நீ சொன்னதுதான் சரி. எழுதுனவன் பயந்துட்டான். அலமாரிய அடிச்சிர்றேன்."

தினேஸ்வரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு இரண்டும் வந்தது.

"அண்ணே, மொதல்லேருந்து படிக்கணும் போல இருக்கு. அந்தப் புஸ்தகத்த குடுப்பீங்களா?" வீரம்மா கையை நீட்டினாள்.

"குடுக்க மாட்டேன். நம்ம வீட்டுல வந்து உக்காந்து படி. டீ போட்டுத் தாரேன்." சரளா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பாடுகிறவர்கள் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் சுகுமாரன் பச்சைப் புத்தகத்தைக் காட்டி, "ஐயா, இத உள்ள வைக்கவா?" என்றார்.

"இதையா? இதக் குடுத்தனுப்பினா வழி பூரா திட்டிகிட்டே போவா. இருங்க."

மாடிக்குப் போய் அவள் தலையணைப் பக்கத்திலிருந்து வேறொன்றை எடுத்து வந்தார். மழைக்காலம் வந்தால் அவள் எடுத்து உட்காருகிற புத்தகம். அட்டை போய், மளிகைக்கடை நாட்காட்டித் தாளைப் போட்டிருந்தாள். அதில் வட்டமாக ஒரு கரித்தடம். இரவல் வாங்கிப் போன அவளுடைய அண்ணி அதன் மேல் சூடான சட்டியை இறக்கி வைத்துவிட்டாள். அன்றோடு புத்தகம் இரவல் கொடுப்பதை நிறுத்தியவள்தான்.

சதாசிவம் அந்த வட்டத்தைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"எங்க வீட்டுச் சட்டி," என்றார் மெல்ல. பிறகு அவரே குனிந்து, தங்கச்சியின் கைக்கருகில் கிடந்த மாலையைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் செய்தார்.

ஒரு புத்தகம் முடிந்தால் சரளா ரிப்பனைச் சும்மா விடமாட்டாள். அந்த நிமிடமே அடுத்ததில் வைத்துவிடுவாள். பிச்சைமுத்து பச்சைப் புத்தகத்திலிருந்து ரிப்பனை உருவினார். நாட்காட்டித் தாள் போட்டதைத் திறந்து, முதல் பக்கத்தில் அதை நேராக நீவி வைத்தார். புத்தகத்தை அவள் கைக்குக் கீழே, எழுத்து அவள் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

சுகுமாரன் மூடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.