மேலே போன வரிகள்

1988ஆம் ஆண்டு ஜூன் 14, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, கண் மருத்துவமனையின் முதல் மாடியில் உள்ள பதிவேட்டு அறையில், கருவிழி மாற்று அறுவைக்குக் காத்திருப்போர் பட்டியலில் 693 பெயர்கள் இருந்தன. முந்தைய நாள் மாலை அதே பட்டியலில் 1,106 பெயர்கள் இருந்தன.

எண்ணிக்கையை முதலில் பார்த்தவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். காலை ஒன்பதரைக்கு வார்டுகளுக்குப் போய்ப் புதுப் பதிவுப் படிவங்களை வாங்கிக்கொண்டு பத்தே முக்காலுக்குத்தான் நாற்காலிக்குத் திரும்பியிருந்தாள். வந்ததும் நேற்றைய அறிக்கைகள் இரண்டைத் திரையில் ஓடவிட்டுச் சரிபார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத்தான் தோன்றியது. பட்டியலை எண்ணச் சொன்னபோதுதான் 693 என்று வந்தது. மறுபடி எண்ணச் சொன்னாள். மறுபடி 693. கோப்புகளின் தேதிகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பிப்ரவரி மாதம் இருந்தது. நான்கு மாத வேலை இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

பின்னால் வந்து நின்ற பிரிவுத் தலைவர் திரையை எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "என்னம்மா பண்ணித் தொலைச்சே?" என்றார்.

அவருக்கு அறைக்குள் 'சுத்தியல்' என்று பெயர். முப்பது வருடம் பழைய இரும்புத் தட்டச்சு இயந்திரத்தில் அடித்த கை. கம்ப்யூட்டர் கீபோர்டையும் அதே வேகத்தில்தான் அடிப்பார். மேசை அதிரும், பேனா உருளும். நோயாளிகளின் பதிவு அட்டைகள் அடுக்கிய பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்த குமாஸ்தாவை எல்லோரும் அட்டை அக்கா என்பார்கள். சுத்தியல் கீபோர்டில் உட்கார்ந்தால் அட்டை அக்கா தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். "விழுந்து உடைஞ்சா யாரு வாங்கித் தருவா" என்பாள்.

தான் எதுவும் செய்யவில்லை என்று ஆபரேட்டர் சொன்னாள். சுத்தியல் அதைக் காதில் வாங்கவில்லை. ஒப்பந்த ஆளை நம்பி நானூறு பேருடைய பார்வையை ஒப்படைத்தது தன் தப்பு என்று, இரண்டு அறைக்குக் கேட்கும்படி சொன்னார். இயக்குநருக்கு எழுதப் போவதாகச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பழைய இயந்திரத்தின் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஜூலை ஒன்றாம் தேதி அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு இயக்குநர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இரண்டு வருடம் ஒரு எழுத்துப் பிழை என்று யாரும் விரல் நீட்டியதில்லை. இப்போது கேட்காமல் கொள்ளாமல் ஒருவர் வந்து, நீதான் என்று நெற்றியில் ஒட்டிவிட்டுப் போகிறார்.

அந்தக் கம்ப்யூட்டரின் திரையில் இருபத்தைந்து வரிகள்தான் தெரியும். கீழே ஒரு புது வரி வந்தால் மேலே ஒரு வரி போய்விடும். போனது போனதுதான். அறையில் அதற்கு 'மேலே போயிடுச்சு' என்று சொல்வார்கள். முதல் தடவை கேட்டபோது அட்டை அக்கா பதறி எழுந்து, "ஐயோ, யாரு? வயசானவங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அது அறையின் நிரந்தர வேடிக்கை.

மூன்று வாரத்துக்கு முன் அவளுடைய கொழுந்தன் அதற்கு ஒரு வழி கொண்டுவந்திருந்தான். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை. வீட்டில் காலையில் குளியலறையை முக்கால் மணி நேரம் பிடித்துவைத்துக்கொள்கிறவன். அந்தக் கோபத்தைத் தணிக்க ஒரு ஃப்ளாப்பியை நீட்டினான். அதில் இருந்தது ஒரு சின்னப் புரோகிராம். ஏற்றிவிட்டால் நினைவகத்தில் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். மேலே போகிற வரிகளையெல்லாம் ஒன்று விடாமல் பிடித்துவைக்கும். இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பழைய வரிகள் இறங்கி வரும். அவள் சுத்தியலிடம் இரண்டு தடவை அனுமதி கேட்டாள். "மேல போனதைக் கூப்பிடக் கூடாதும்மா, பேயா வரும்" என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளிப் புரோகிராம் எதையும் ஏற்றக் கூடாது என்று அவரே அடித்து ஒட்டிய தாள் திரைக்கு மேலே சுவரில் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டேதான் அவள் ஏற்றினாள். அதற்கப்புறம் வேலை பாதியாகக் குறைந்தது.

இப்போது இரண்டு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினாள்.

வரிகள் இறங்கின. முதலில் அவளே ஓடவிட்ட அறிக்கைகள். அவற்றைத் தாண்டி மேலே போகப் போக, அவள் அடிக்காத வரிகள் வந்தன. 'ஏ' என்ற ஃப்ளாப்பியிலிருந்து எல்லாவற்றையும் 'சி' என்ற ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி செய்யும் கட்டளை ஒன்று. அதன் கீழே நாற்பத்தொரு கோப்புகளின் பெயர்கள் வரிசையாக. கடைசியில், நாற்பத்தொன்று காப்பி செய்யப்பட்டன என்ற செய்தி. பிப்ரவரியில் எடுத்த பழைய நகல் ஜூன் பட்டியலின் மேல் அப்படியே கொட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக் காப்பிக் கட்டளை, ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அழிக்கட்டுமா என்று கேட்காது. சொன்னதைச் செய்யும்.

அதற்கும் மேலே மூன்று தோல்விகள் இருந்தன. முதல் பட்டியல் கோப்பின் பெயர் எண் ஒன்றில் முடியும். யாரோ அந்த ஒன்றுக்குப் பதிலாக 'எல்' என்ற எழுத்தை அடித்திருந்தார். சின்ன எழுத்தில் அடித்தால் இரண்டும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் கோப்பு இல்லை என்று இயந்திரம் பதில் சொல்லும்போது பெயரைப் பெரிய எழுத்தில் திருப்பிச் சொல்லியிருந்தது. அங்கே 'எல்' காலை நீட்டிக்கொண்டு பளிச்சென்று நின்றது. மூன்று தடவை.

அவளுக்குப் புரிந்தது. பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஒன்றுக்குத் தனி விசை கிடையாது. சின்ன 'எல்'லைத்தான் அடிக்க வேண்டும். முப்பது வருடம் அப்படி அடித்த விரல் புதுக் கீபோர்டிலும் அங்கேதான் போகும். மாதாந்திரக் கூட்டத்துக்குப் பட்டியலை ஒரு பழைய ஃப்ளாப்பியில் எடுத்துப் போக அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று தடவையும் சரியான வரிசையில்தான் கட்டளை கொடுத்திருக்கிறார், பெயர்தான் தப்பு. இயந்திரம் இல்லை இல்லை என்றதும், வரிசைதான் தப்பு போலிருக்கிறது என்று நினைத்து, கோப்பின் பெயரையும் விட்டுவிட்டு, 'ஏ-ல சி-யைப் போடு' என்று வாயால் சொல்கிற வரிசையிலேயே, போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலில் அடித்திருக்கிறார். இந்தத் தடவை இயந்திரம் மறுக்கவில்லை.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போன் செய்தாள். கொழுந்தன் முழுவதையும் கேட்டான். விளையாட்டுக் குரல் போய்விட்டது.

"அண்ணி, அது நானூறு வரிதான் பிடிக்கும். புதுசா ஒரு வரி வந்தா, பழசுல ஒண்ணு அந்தப் பக்கம் விழுந்துடும். அந்த மூணு எங்க இருக்கு?"

அவள் ஏற்கெனவே எண்ணியிருந்தாள். அவற்றுக்கு மேலே இன்னும் தொண்ணூறு வரி இடம் மிச்சம் இருந்தது.

"அப்ப எதையும் ஓட விடாதீங்க. பிரிண்டர்ல எடுக்க முடியாது, அந்தப் பழைய வரி காட்டும்போது இது பிரிண்டரைத் தொடாது. அணைச்சா எல்லாமே போச்சு. யாராவது பெரியவங்களை உட்கார வெச்சு நேர்ல காட்டுங்க."

பன்னிரண்டரைக்குச் சுத்தியல் திரும்பி வந்தார். இயக்குநர் மூன்று மணிக்கு வருவதாகவும், அதுவரை யாரும் தொடாமல் இயந்திரத்தை அணைத்துப் பூட்டிவைக்க வேண்டும் என்றும் சொல்லி ஸ்விட்சுக்குக் கை நீட்டினார். அவள் நாற்காலியைச் சுவரோடு தள்ளி ஸ்விட்சை முதுகால் மறைத்தாள். இப்போது அணைத்தால் மிச்சம் இருக்கும் 693 பெயர்களும் போய்விடும் என்றாள். அது சுத்தப் பொய். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் சொன்ன முதல் பொய் அதுதான். சுத்தியலுக்கு அது பொய்யென்று தெரிந்திருக்க வழியில்லை. "இதையாவது காப்பாத்து" என்று பெரிய மனது பண்ணிவிட்டுப் போனார். அந்தப் பெரிய மனதுதான் அவளை அதிகம் எரித்தது.

சாப்பிடப் போகவில்லை. அட்டை அக்கா தன் டப்பாவைத் திறந்து பாதியை நீட்டினாள், அவள் வேண்டாம் என்றாள். அக்கா டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "கோவத்துல பட்டினி கிடந்தா, சாயங்காலம் பேச்சு வராது. அழுகைதான் வரும். அந்த ஆளு முன்னாடி அழப்போறியா?" அவள் வாங்கிச் சாப்பிட்டாள். கண் திரையைவிட்டு நகரவில்லை.

மூன்று ஐந்துக்கு இயக்குநர் வந்தார். அறுவை அறையிலிருந்து நேராக, தலையில் துணித் தொப்பியோடு. எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடும் அவருக்கு நீண்ட பேச்சு பிடிக்காது. கையில் சுத்தியலின் புகார்க் கடிதம் இருந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவால் பட்டியல் அழிந்தது, ஒப்பந்தத்தை உடனே முடிக்கலாம் என்று அதில் இருந்தது. நானூறு பேரில் யார் முதலில் பதிந்தார்கள் என்று அட்டைகளைத் தோண்டி எடுக்கும்வரை அடுத்த கருவிழியை யாருக்குக் கொடுப்பது என்று அவர் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சுத்தியல் முந்திக்கொண்டார். தேதியைப் பாருங்கள் டாக்டர், எல்லாம் பிப்ரவரி என்று சொல்லியபடி அவள் தோளுக்கு மேலே சாய்ந்து கோப்புப் பட்டியல் கேட்கும் கட்டளையை அடித்தார். மேசை அதிர்ந்தது. எழுபத்துநான்கு வரிகள் கடகடவென்று ஓடின.

அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். பதினாறு வரிகள்தான் மிச்சம். இன்னொரு தடவை அடித்தால் அந்த மூன்று வரியும் மேலே போய்விடும், அதற்கப்புறம் யாராலும் கூப்பிட முடியாது.

வேகமாகப் போய்விட்டது, இன்னொரு தடவை காட்டுகிறேன் என்று சுத்தியல் மறுபடி கையை நீட்டினார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடுங்க சார்."

ஒப்பந்த ஆள் பிரிவுத் தலைவரின் கையைப் பிடிப்பது அந்த மருத்துவமனையில் அதுவரை நடந்ததில்லை. "பார்த்தீங்களா டாக்டர், இதான் இவ மரியாதை" என்றார் அவர். அவள் பிடியை விடவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. இயக்குநரைப் பார்த்துப் பேசினாள்.

"டாக்டரம்மா, இதுல அனுமதி இல்லாம ஒரு புரோகிராம் போட்டிருக்கேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா இன்னைக்குக் காலையில இந்தத் திரையில என்ன நடந்துச்சுன்னு அதுல இருக்கு. சார் இன்னொரு தடவை அடிச்சா அழிஞ்சுடும். முதல்ல நீங்க உட்கார்ந்து படிங்க."

இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் இரண்டு ஷிஃப்டையும் அழுத்தினாள். வரிகள் இறங்கின. அவர் மெதுவாக, நோயாளியின் கண்ணைப் பார்ப்பதுபோல முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். காப்பிக் கட்டளையில் நின்றார். மூன்று தோல்விகளில் இன்னும் அதிக நேரம் நின்றார். இது என்ன 'எல்' என்று கேட்டார். அவள் சொன்னாள்.

சுத்தியலுக்கு முகம் கறுத்தது. அதை யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம், இவளே அடித்துவிட்டு இப்போது கதை கட்டுகிறாள் என்றார். இயக்குநர் மடியிலிருந்த புகார்க் கடிதத்தை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தார். தேதியில் பதினான்கின் ஒன்று, 1988இன் ஒன்று, 1,106இல் இருந்த இரண்டு ஒன்றுகள். எல்லாமே சின்ன 'எல்'. அந்த இயந்திரத்தில் வேறு வழியில்லை என்று சுத்தியல் சொன்னார். அதைத்தான் அவளும் சொல்கிறாள் என்றார் இயக்குநர். பிறகு அவளுடைய வரிகளைத் தேடிப் பார்க்கச் சொன்னார். கீழே அவள் அடித்த கட்டளைகளில் அதே கோப்பின் பெயர் ஆறு இடத்தில் இருந்தது. ஆறிலும் ஒன்று ஒன்றாகவே இருந்தது. அவள் தட்டச்சு வகுப்புக்கே போனதில்லை, இந்தக் கீபோர்டில்தான் எழுத்துப் பழகினாள்.

"காலையில என் சீட்டுல யாரு உட்கார்ந்தாங்கன்னு அக்காவைக் கேளுங்க" என்றாள் அவள்.

அட்டை அக்கா அட்டைப் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், ஒன்பது நாற்பதிலிருந்து பத்து மணி வரை தன் கண்ணாடி மடியில்தான் இருந்தது என்றாள். டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. சுத்தியலுக்குப் புரிந்தது.

இயக்குநர் அந்த வரிகளைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அட்டை அக்காவையும் போடச் சொன்னார். காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று ஆபரேட்டரைக் கேட்டார். சொன்னால் யார் கேட்டிருப்பார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. இயக்குநர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து போனார். சுத்தியல் அங்கேயே நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரும் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "அது என்னம்மா, இவ்வளவு நாளா என்னை வேவு பாத்தியா?" என்றார் அவர். அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

ஜூன் 20ஆம் தேதி இரண்டு உத்தரவுகள் வந்தன. முதல் உத்தரவின்படி பிரிவுத் தலைவர் ஜூலை ஒன்றிலிருந்து மருந்துக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். இரண்டாவது உத்தரவின்படி, அனுமதியில்லாத புரோகிராமைப் பயன்படுத்தியதற்காக ஆபரேட்டரின் நிரந்தர நியமனம் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. அவள் அதன் கீழே 'மறுப்புடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். விடுபட்ட 413 பெயர்களையும் அட்டைகளிலிருந்து எடுத்து மறுபடி ஏற்ற அவளுக்கும் அட்டை அக்காவுக்கும் பதினேழு வேலைநாள் ஆனது.