வீட்டுக்கு ஒரு டிக்கெட்

முதலில் வீட்டில் நாலு பேரும்தான் கால்பந்து பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அது மைதானத்துக்குக் கூரை போடாத காலம். சிமெண்டுப் படியில் நியூஸ்பேப்பரை விரித்து உட்கார வேண்டும்; வெயில் ஏறினால் அதே பேப்பர் தலைக்கு. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அப்பா, ஊருக்கு லிஃப்ட்காரர், முன்னால் ஓடிப் போய் கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம் பிடிப்பார். மனைவி கூடையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்களை எடுப்பாள். பெரியவளுக்கு அரை டிக்கெட், மடியில் உட்கார்ந்த சின்னவளுக்கு அதுவும் கிடையாது. சம்பளத்தில் ஒரு கிள்ளு கிள்ளினால் குடும்பத்தோடு ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்துவிடலாம்.

பிறகு கூரை வந்தது. கூரைக்குக் கீழே மெத்தை வைத்த நாற்காலி வந்தது. நாற்காலியில் முதலில் விலை வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. குழந்தையானாலும் முழு நாற்காலியில்தானே உட்காருகிறது என்று அரை டிக்கெட்டை எடுத்துவிட்டார்கள். வீட்டுச் சாப்பாட்டை வாசலிலேயே வாங்கித் தொட்டியில் போட்டார்கள். உள்ளே விற்ற தண்ணீர் பாட்டிலைக் குடித்தால் தாகம் அடங்குமோ இல்லையோ, வயிறு எரிந்தது. டிக்கெட்டுக்கு மேலே பதிவுக் கட்டணம், அதற்கு மேலே சேவைக் கட்டணம். என்ன சேவை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஒரு வருடம் மூன்று பேர் போனார்கள். மனைவி தனக்குத் தலைவலி என்று வீட்டில் இருந்துகொண்டாள். அடுத்த வருடம் இரண்டு பேர். அதற்கும் அடுத்த வருடம் ஒரே ஒருவர். டிவியிலாவது பார்க்கலாம் என்றால் ஆட்டத்தைக் காட்டும் சேனலுக்குத் தனிச் சந்தா, அது டிக்கெட்டின் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே ஏறியது.

அந்த வீட்டில் முறை வைத்துப் போகும் வழக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது. மாதம் ஒரு ஆட்டம், ஒரு டிக்கெட், ஒரு ஆள். போய்வந்தவர் மற்ற மூன்று பேருக்கும் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். அவர் வந்து சொல்லும்வரை யாரும் செல்போனைத் தொடக் கூடாது, எல்லாம் அலமாரிக்குள். முடிவு தெரிந்த பிறகு கேட்பதில் என்ன ருசி இருக்கிறது? சட்டம் போட்டவர் லிஃப்ட்காரர்தான். தன் தலையிலேயே தான் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் கம்பெனி முதலில் கூப்பிடுவது அவரைத்தான். வேலையில் கெட்டிக்காரர், ஆட்டத்தைப் பற்றியும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊர் டீமின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தவர். அந்த டீம் அவருக்குத் தெரிந்து ஒரு கோப்பையும் வாங்கியதில்லை. என்றைக்காவது வாங்கும், கோப்பையை வாங்கித் தரும் அந்த கோலை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாழ்க்கையில் அவர் பெரிதாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

ஆனால் அவருக்குச் சொல்ல வராது.

"ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சாச்சு" என்பார், செருப்பைக் கழற்றியபடி.

"அப்புறம்?" என்று கேட்பாள் சின்னவள். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அவளுக்குப் பெயர் வாலு.

"நடுவுல ஒரு ஆள் கூடப் போட்டு ஆடினாங்க. அதுல எதிராளி திணறிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விசில் ஊதிட்டான்."

ஒருநாள் அவர் முறை வந்தபோது ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது. டிக்கெட் வீணாகிவிடக் கூடாதே என்று மனைவி கிளம்பினாள். ஆஃப்சைடு என்றால் இன்னது என்று பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தும் அவளுக்கு ஏறியதில்லை. சாயங்காலம் திரும்பி வந்தாள், கைப்பையை வைத்தாள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இடது பக்கம் ஓடறானே சுருட்டை முடிப் பையன், அவனுக்குத் தூரப் பார்வை சரியில்லடி. கண்ண இடுக்கி இடுக்கித்தான் பந்தத் தேடறான். ரெண்டு தடவ நடுவருக்கே பாஸ் குடுத்தான், பாவம்" என்று ஆரம்பித்தாள். "அந்த டீம் கோச் இருக்காரே, ஒவ்வொரு கோல் வாங்கும்போதும் சட்டையில ஒரு பட்டனக் கழட்டறார். மூணு பட்டன் போயிடுச்சு. இன்னும் ரெண்டு கோல் விழுந்தா மனுஷன் மானம் என்ன ஆகும்னு எனக்கு ஒரே கவலை."

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் முகங்களைப் பார்த்து, காதுக்கும் மூக்குக்கும் ஃபிரேமை வளைத்துப் பொருத்துகிறவள். பந்து எங்கே போனால் அவளுக்கென்ன, அவள் பார்த்ததெல்லாம் முகம். ஆனாலும் அவள் சொல்லி முடித்தபோது மூன்று பேரும் மைதானத்துக்குப் போய்வந்த மாதிரி களைத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் லிஃப்ட்காரர் இல்லையா, அவரும் வேலை முடிந்து வந்து வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பெரியவள், பரீட்சை இருக்கிறது என்று தன் முறையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தாள். வாலு சாக்கெல்லாம் தேடவில்லை; "நீயே போம்மா, எனக்குக் கேக்கத்தான் பிடிக்கும்" என்றாள். லிஃப்ட்காரர் மட்டும் தன் முறையை விடவில்லை. அவர் போய்வந்து சொல்லும்போது பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள், வீட்டுக்கு வந்த விருந்தாளி பேச்சைக் கேட்பது போல. அவருக்குப் பொறாமையாக இருந்தது. பெண்டாட்டிமேல் பொறாமைப்படலாமா என்றெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை அவர். பொறாமைப்பட்டார், அவ்வளவுதான்.

அந்த வருடம்தான் ஊர் டீம் கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அதுவும் சொந்த மைதானத்தில். டிக்கெட் விலையை மும்மடங்காக்கினார்கள், அப்படியும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனது. லிஃப்ட்காரர் விடுமுறை நாட்களிலும் வேலைக்குப் போய், மைதானத்தில் ஆட்டத்தைக் காட்டும் பெரிய திரைக்கு நேர் கீழே, யாரும் சீந்தாத ஒரு மூலை நாற்காலிக்கு டிக்கெட் வாங்கினார். வாங்கியதை ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னார்.

"அம்மா போகட்டும்ப்பா" என்றாள் பெரியவள்.

பிசைந்த சோற்றை அவர் தட்டிலேயே விட்டார். "ஏன், நான் போனா என்ன?"

"நீங்க போனா நீங்க மட்டும்தான் பாப்பீங்க. அம்மா போனா நாம எல்லாரும் பாப்போம்."

பெரியவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்வது போலச் சொன்னாள். அதனால்தான் அது அப்படித் தைத்தது.

மனைவி குறுக்கே வந்தாள். "போதும்டி. எது நம்ம கோல்னு எனக்குப் பாதி நேரம் தெரியாது. நான் போய் என்ன செய்யப் போறேன்? நீங்க போங்க." பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டே, "ஆனா கொஞ்சம் கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுப் போங்க" என்றாள்.

அன்றைக்கு முடிவுகட்டிக்கொண்டார் லிஃப்ட்காரர். கோலையும் பார்க்க வேண்டும், வீட்டுக்கும் ஏதாவது கொண்டுவர வேண்டும். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடித்துவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார்.

முதல் பாதி முழுக்க அவர் முகம் பார்க்க முயன்றார். கோச்சைப் பார்த்தார், கோச் சும்மா நின்றுகொண்டிருந்தார். கொடி பிடித்து ஓடுகிறவரைப் பார்த்தார். அவர் ஓடினார், நின்றார், மறுபடி ஓடினார். இதை வைத்துக்கொண்டு வாலுவிடம் என்னவென்று கதை சொல்வது? பந்து பக்கம் கண் போனால் காலகாலத்துப் பழக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பிடித்து இழுத்து முகத்தில் நிறுத்தினால் தலை வலிக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் ஆட்டம் முழுவதையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "யாரையாவது தேடறீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியபோது அவர் கண்ணில் ஊர் டீமின் கோல்கீப்பர் விழுந்தார். இத்தனை கிட்டத்தில் அவரை இவர் பார்த்ததேயில்லை. ஆட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தது. கோல்கீப்பருக்கு வேலையே வரவில்லை. கையுறையைக் கழற்றி மாட்டினார். புல்லைக் காலால் தேய்த்தார். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும் "பின்னாடி பாருடா, பின்னாடி பாரு!" என்று கத்தினார். யாரும் திரும்பாததால் தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. வேலை வராதவரை நிம்மதி, வந்தால் உயிர் போகும். இந்தப் பிழைப்பு அவருக்குத் தெரிந்த பிழைப்பு. அதன் பிறகு அவருக்குத் தலை வலிக்கவில்லை, பார்வையைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கவுமில்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. இன்னும் ஒரு கோலும் விழவில்லை. கோல்கீப்பர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பாதி முடிச்சில் அவர் கை நின்றது. மெதுவாக நிமிர்ந்தார். வாய் பிளந்தது. அப்புறம்தான் மைதானமே இடிந்து விழுவது போல அந்தச் சத்தம் கேட்டது.

கோல்கீப்பர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கட்டிப்பிடிக்க ஒரு ஆள் இல்லை. எல்லாரும் அந்தக் கோடியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். அவரும் அங்கே ஓடினார். பாதி தூரம் ஓடியவர், காலி கோலைத் திரும்பிப் பார்த்துப் பயந்துபோய், வந்த வழியே ஓடி வந்தார். வந்து, வேறு வழியில்லாமல், கோல் கம்பத்தை இறுகக் கட்டிக்கொண்டு அதன்மேல் முகத்தை வைத்து அழுதார்.

பக்கத்து நாற்காலிக்காரர் லிஃப்ட்காரரைப் பிடித்து உலுக்கினார். "பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் லிஃப்ட்காரர். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கழுத்தை வளைத்துப் பெரிய திரையைப் பார்க்க முயன்றார். அது அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. விளிம்பில் ஒரு வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தெரு முழுக்க ஹாரன் சத்தம். "ஜெயிச்சது எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று கதவைத் திறக்கும்போதே சொன்னாள் வாலு. "அத விடுங்க. வேற சொல்லுங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையுறையிலிருந்து ஆரம்பித்தார். முதலில் தடுமாறினார்; அப்புறம் "பின்னாடி பாருடா" என்று கோல்கீப்பர் மாதிரியே கத்திக் காட்டினார். அடுத்த வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பாதி தூரம் ஓடித் திரும்பிய கட்டத்துக்கு வந்தபோது எழுந்து, கூடத்திலிருந்து சமையலறைவரை ஓடியே காட்டினார். வாலு அலமாரியைக் கட்டிக்கொண்டு பொய்யாக அழுதாள். பெரியவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"சரிப்பா, கோல் எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டாள் பெரியவள்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது போதும்.

"பாக்கலையா?"

"அந்த நேரம் பாத்து இவனப் பாத்துக்கிட்டிருந்துட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவள் போய்ச் செல்போனை எடுத்து வந்து, தேடி, அவர் கையில் கொடுத்தாள். உள்ளங்கை அகலத் திரையில் யாரோ உதைத்தார்கள், கடுகளவு பந்து வலைக்குள் போனது. ஊரெல்லாம் காசில்லாமல் பார்த்துவிட்ட கோலை, டிக்கெட் வாங்கியவர் எல்லாருக்கும் கடைசியாகப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். நல்ல கோல்தான்.

"அப்பா, அடுத்த தடவையும் நீங்களே போங்க" என்றாள் வாலு, இன்னும் அலமாரியை விடாமல்.

"ஆமாம்ப்பா" என்றாள் பெரியவள். மனைவியும் தலையாட்டினாள்.

எத்தனையோ மாதமாக இதைக் கேட்கத்தான் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் மனசு குளிர்ந்தது, அதில் பொய்யில்லை. 'அப்ப மேட்ச்ச நான் எப்ப பாக்கறது?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"போறேன்" என்றார்.