நெவிலின் பெயருக்கு எதிரே

பட்டியலில் நெவிலின் பெயருக்கு எதிரே டிக் போட்டது நான்தான். லினெட் இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடமும் ஊர் அவளைத்தான் குற்றவாளியாகப் பார்த்தது. நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். நடுவில் யாரும் "ஐயோ பாவம் மார்னி" என்று ஆரம்பிக்க வேண்டாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஸ்னெல் பாயிண்டில் இருந்து எங்கள் ஹார்லன் பே வரைக்கும் பலகையில் பாய் கட்டி நின்று ஓட்டுகிற விண்ட்சர்ஃபிங் பந்தயம் நடக்கும். கரையோரமாகவே இருபத்தைந்து கிலோமீட்டர். மதியம் வரை பாலைவனத்தில் இருந்து அனல் அடிக்கும். ஒரு மணிக்கு மேல் தெற்கே இருந்து கடற்காற்று கிளம்பும். அது வந்த பிறகுதான் கொம்பு ஊதுவார்கள். நூற்றைம்பது பேர் கலந்துகொள்வோம். பாதிப் பேர் சிங்கி இறால் பிடிக்கிறவர்கள். மீதி தபால்காரர், பல் டாக்டர், வாத்தியார், என்னை மாதிரி ஆஸ்பத்திரியில் சமைக்கிறவர்கள். பரிசு ஒன்றும் பெரிதாகக் கிடையாது. வீட்டுக்குள்ளே யார் யாரை முந்தினார்கள் என்பதுதான் எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஏனென்றால் வண்டி எல்லாம் புறப்படுகிற இடத்திலேயே நின்றுவிடும். ஆட்கள் வந்து சேர்வது இங்கே. நாலு மணிக்கு ஒரு பஸ், மணல் பாதையில் குலுங்கிக் குலுங்கி ஸ்னெல் பாயிண்டுக்குத் திரும்பிப் போகும். அதனால் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வீட்டில் முதலில் கரை ஏறியவர், பட்டியல் வைத்திருக்கிற மேஜைக்குப் போய் இரண்டு பேர் பெயருக்கும் டிக் போட்டுவிட்டு பீர் உடைக்கலாம். பின்னால் வந்தவர் ஈரத் துணியோடு அந்த பஸ்ஸில் போய் வண்டியை எடுத்து வர வேண்டும். கிளப் விதியில் "அவரவர் பெயருக்கு அவரவரே" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. யார் மதித்தார்கள்? புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி, எல்லாருமே அப்படித்தான். கடைசிப் பெயருக்கும் டிக் விழுந்ததும், கடலில் பாதுகாப்புக்கு நிற்கிற காவல் படகுகளை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

இருபத்திரண்டு வருடம் நான்தான் பஸ் ஏறினேன். இருபத்திரண்டு வருடமும் என் பெயருக்கு என் புருஷன் நெவில்தான் டிக் போட்டான்.

போன வருடம் புறப்படும் முன் மணலில் உட்கார்ந்து பாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். அவன் பலகையில், பாய்மரத்தைக் கோத்து வைக்கிற ரப்பர் மூட்டு வெடித்து நூல் நூலாகத் தெரிந்தது.

"நெவில், இதை மாத்தித் தொலையேன். என் பெட்டியில புதுசு ஒண்ணு கிடக்கு."

"இந்த வருஷம் தாங்கும்டி. என் முழங்காலை விட இது நல்லாத்தான் இருக்கு."

"அறுபது வயசாச்சு, இன்னும் வாய் குறையலை உனக்கு."

"சாவியை முன் சக்கரத்து மேல வச்சிருக்கேன், பார்த்துக்கோ. எப்படியும் நீதானே எடுக்கப் போறே."

"ஆமா, பெரிய சூரன். இன்னிக்கு உன்னை பஸ்ஸுல ஏத்தாம விட்டா என் பேர் மார்னி இல்லை."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பாயைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தான். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

காற்று பலமாக இருந்தது. அவன் எப்போதும் போல வெளிப்பக்கம், கடலுக்குள் நீண்டு கிடக்கிற பாறைப் பார் வரிசையை ஒட்டிப் போனான். அங்கே வேகம் அதிகம், அலையும் அதிகம். நான் கரைப்பக்கம் ஒதுங்கி வந்தேன். பாதித் தூரத்தில் ஒருமுறை அவனுடைய ஆரஞ்சுப் பாயை வெளியே பார்த்தேன். எனக்கு முன்னால்தான் இருந்தான். அதற்கப்புறம் பார்க்கவில்லை. சரி, விட்டுப் பிடிக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று, உள்ளங்கை பிய்ந்தது.

ஹார்லன் பேயில் கரை ஏறினால், அவன் இல்லை! வழக்கமாக எனக்கு முன்னால் வந்து கரையில் காலை நீட்டிக்கொண்டு, "வாங்க மகாராணி, பஸ் காத்திருக்கு" என்பானே, அந்த ஆளைக் காணோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஜைக்கு ஓடினேன். லினெட் உட்கார்ந்திருந்தாள். ஊர்க் கடையில் வேலை பார்க்கிறவள், பந்தயத்துக்குப் பத்து வருடமாகப் பட்டியல் பார்க்கிறவள். திரும்பிப் பார்த்தேன். கடைசி மிதவையைச் சுற்றி ஒரு ஆரஞ்சுப் பாய் வந்துகொண்டிருந்தது. இதோ வந்துவிட்டான், தோற்றுவிட்டான் என்று என் பெயருக்கு ஒரு டிக், அவன் பெயருக்கு ஒரு டிக் போட்டேன். பேனாவைப் போட்டுவிட்டு குளிக்கப் போய்விட்டேன்.

அது அவன் பாய் இல்லை. பல் டாக்டரின் பாய்.

மூன்றே முக்காலுக்குப் பட்டியல் முழுசாகிவிட்டது. காவல் படகுகளுக்குத் தலைவர் க்ளைவ், பாதி வாழ்க்கையைக் கடலிலேயே கழித்த மனிதர். ரேடியோவில் எல்லாரையும் கூப்பிட்டு, "எல்லாம் கரை சேந்தாச்சு, மூட்டையைக் கட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டார். படகுகளை இழுத்து மேலே ஏற்றினார்கள்.

நான் கிளப்பில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களிடமெல்லாம் கதைதான். "இருபத்திரண்டு வருஷத்துல முத தடவை! மனுஷன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என் கண்ணுல படாமலே பஸ் ஏறிட்டான் பாருங்க." எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். அவன் தண்ணீரில் கிடந்த நேரம் முழுக்க நான் அவனை ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம் முன்பே, வழியில் அந்த ரப்பர் மூட்டு அறுந்து, பலகை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கமாகப் போயாகிவிட்டது. நான் அவனைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறரை மணிக்கு பஸ் டிரைவர் சாப்பிட வந்தார். "எங்கே என் வீட்டுக்காரனை வழியிலேயே இறக்கி விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நெவிலா? அவர் ஏறவே இல்லையே, மார்னி."

எனக்குக் கையில் இருந்த கிளாஸ் நினைவிருக்கிறது. அப்புறம் க்ளைவ் ஓடியது, யாரோ டிராக்டரைக் கிளப்பியது, படகுகள் மறுபடியும் இறங்கியது. வெளிச்சம் இன்னும் அரை மணிநேரம்தான் இருந்தது. மறுநாள் காலையில் வடக்கே ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பாறைப் பார் மேல் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். இருட்டின பிறகும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருப்பார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் பட்டியலைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். "இந்த டிக் யார் போட்டதுன்னு தெரியுமா, மார்னி?" என்றார். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார். சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. நான் சொன்னால் நெவிலைக் கொன்றது நான் என்று ஆகிவிடும். "தெரியாது" என்றேன். ஒரே ஒரு வார்த்தை.

அப்புறம் ஊரே முடிச்சுப் போட்டுக்கொண்டது. பாயில் நெவிலுக்கு எண் நூற்றுப் பதினாலு, பல் டாக்டருக்கு நூற்று நாற்பத்தொன்று. இரண்டும் ஆரஞ்சுப் பாய். லினெட் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாளாம், எண்ணை மாற்றிப் படித்து அவளே டிக் போட்டாளாம். போலீஸிடம் அவள், "மேஜையில இருந்தது நான். பொறுப்பு என்னோடதுதான்" என்று மட்டும் சொன்னாளாம். விசாரணை அதோடு முடிந்தது, விபத்து என்று எழுதிவிட்டார்கள். ஊர் எழுதிக்கொண்டது வேறு. கிளப்பில் இருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். கடையில் அவள் நின்றால் பக்கத்து வரிசையில் போய் நின்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

நான் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பிப் போனேன். இரண்டு தடவையும் கேக்கைக் கொடுத்து, மழையே இல்லை, தொட்டி காலி என்று பேசிவிட்டு வந்தேன். தூ, நானும் ஒரு மனுஷி.

இந்த வருடம் பந்தயத்துக்கு முன்னால் நெவில் பெயரில் ஒரு நிமிடம் மௌனம் என்றார்கள். நீ இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார் க்ளைவ். ஸ்னெல் பாயிண்ட் மணலில் நூற்றைம்பது பேரும் பாயைக் கிடத்திவிட்டு நின்றார்கள். ஓரத்தில், ஏழெட்டுப் பெண்கள் ரொட்டிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். லினெட்டும் இருந்தாள், மற்றவர்களிடம் இருந்து நாலடி தள்ளி. வந்தால் ஊர் தன்னை எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தும் வந்திருந்தாள்.

க்ளைவ் மைக்கைப் பிடித்தார். "இந்த வருஷத்துல இருந்து டிக் கிடையாது, ஒவ்வொருத்தர் கையிலயும் பட்டை. கரை ஏறி அவங்கவங்க பட்டையைக் கழட்டிக் கொடுத்தாத்தான் கணக்கு. ஒரு நிமிஷக் கவனக்குறைவு என்ன செய்யும்னு நாம பார்த்துட்டோம். யாரையும் நான் பேர் சொல்லலை." சொல்லவில்லைதான். ஆனால் எல்லார் தலையும் வெங்காயப் பக்கம் திரும்பியது. லினெட் குனிந்து நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கை அவர் கையில் இருந்து பிடுங்கினேன்.

"அந்த டிக் போட்டது நான். அவன் வந்துட்டான்னு நெனச்சு நான்தான் போட்டேன். போலீஸ் கேட்டப்ப தெரியாதுன்னு பொய் சொன்னேன். லினெட் ஒண்ணும் செய்யலை. ஒரு வருஷமா அவளை நீங்க படுத்தினீங்க, நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பாய்கள் மணலில் படபடத்துக்கொண்டிருந்தன. பல் டாக்டர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். க்ளைவ் என் பக்கத்தில் வந்து, "நாங்களும் அப்படித்தான் மார்னி, என் தம்பி பேருக்கு நான் எத்தனை வருஷம்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். எனக்கு அது வேண்டாம்.

லினெட் கத்தியை வைத்துவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "நீ டிக் போடறப்ப நான் எதிர்லதான உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் வந்தாச்சான்னு கேட்டேன். ஆச்சு ஆச்சுன்னு குதிச்சே."

எனக்கு அது நினைவே இல்லை. இன்று வரை நினைவில்லை.

"பின்ன ஏன் நீ சொல்லலை?"

"புருஷனைப் பறிகொடுத்தவ நீ, உன்னை நானா போய்க் காட்டிக் கொடுப்பேன்? நாளைக்கு நீயே சொல்லுவேன்னு இருந்தேன். பேனாவைக் கொடுத்ததும் நான்தானே, அந்தத் தப்பு எனக்கும் உண்டு. நீ கேக்கோட வந்தே. கதவைத் திறக்கறப்பவே இன்னிக்குத்தான்னு நெனச்சேன். மழையைப் பத்திப் பேசிட்டுப் போயிட்டே."

"லினெட், என்னை மன்னிச்..."

"அதை இப்ப கேக்காதே." அவள் ஏப்ரனை அவிழ்த்து மணலில் போட்டாள். "நெவிலோட முப்பது வருஷச் சிநேகம் மார்னி. எங்க வீட்டு ஜன்னல் ஒவ்வொண்ணும் அவன் மாட்டிக் கொடுத்தது. அவன் சாவுக்கு நான் வரலை, தெரியுமா? வர முடியலை. சர்ச் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். நான் அழுதா, செய்யறதையும் செஞ்சுட்டு அழறா பாருன்னு சொல்வாங்க. கடையில அழலை, வீட்டுல என் பிள்ளைங்க முன்னால அழலை. ஊரே அழுதுச்சு. அவனுக்காக அழறதுக்குக்கூட என்னை விடலையேடி நீ."

காற்று வந்துவிட்டது. கொம்பு ஊதினார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகப் பாயைத் தூக்கிக்கொண்டு எங்களைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் போனார்கள். நான் போகவில்லை. லினெட் அங்கேயே மணலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டு நெவிலுக்காக அழுதாள். நான் பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.