தினேஷுக்கு விழுந்த ஆமென்

எஸ்தரிடம் பேச்சுப் பிடுங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதுவும் ஊழியக்காரர் என்று யாராவது வந்துவிட்டால் போதும், "ஸ்தோத்திரங்க ஐயா" என்பதோடு வாயைப் பூட்டிக்கொள்வாள். இலங்கையில் கஹவத்தைக்கு மேலே, ரப்பரும் தேயிலையும் கலந்த தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலிருக்கும் தகரக் கூரைச் சபையைக் கூட்டிப் பெருக்குவதும் அவள்தான்.

பூட்டுக்குக் காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன், குருவிட்டவில் மாணிக்கக்கல் தோண்டும் குழி சரிந்து அவளுடைய ஒரே மகன் தினேஷ் செத்துப்போனான். அப்போது இந்தியாவிலிருந்து வந்திருந்த ஊழியக்காரர் அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, கூடவே அழுதுவிட்டுத்தான் போனார். பிறகு அவருடைய மிஷன் பத்திரிகையில் வந்தது: "குடிபோதையில் குழியில் விழுந்து மாண்ட வாலிபனின் தாய்." மேலே அவள் அழுகிற படம். திருச்சியிலிருக்கும் சொந்தக்காரர் யாரோ போனில் அனுப்பிவைத்தார்கள். அச்சில் வந்ததாயிற்றே! தோட்டமும் அதையே நம்பிவிட்டது. அதோடு சபையில் ஒருவரும் தினேஷ் பேரை எடுத்ததில்லை. மகன் மேல் விழுந்த அந்தக் கறையைக் கழுவாமல் கண்ணை மூடக்கூடாது என்பதுதான் எஸ்தருக்கு இருந்த ஒரே ஆசை. யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது அதே மிஷனிலிருந்து வந்திருப்பவர் அலன், தூத்துக்குடிக்காரர். வந்து மூன்று மாதம். ஆள் ஒரு தினுசு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு தாளோடு முன்னால் வந்து நின்றார்.

"உங்களப் பத்தி எங்க மிஷனுக்கு எழுதியிருக்கேன். அனுப்புறதுக்கு முன்னால நீங்க கேக்கணும். தப்பு இருந்தா நிறுத்துங்க."

நிறுத்துவதா? துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தலைமுறை தலைமுறையாகத் தலையாட்டிப் பழகிய சபை அது. முன்னால் நின்று ஒருவர் வாசித்தால் அவர்களுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"இங்கே நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன."

"ஆமென்!"

"தண்ணீர்க் குழாய் உடைந்து ஒரு மாதம் ஆகிறது."

"ஆமென்!"

அலனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். மிஷனின் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்த வரி அது.

"சகோதரி எஸ்தரின் மகன் குடிபோதையில் மாணிக்கக் குழியில் விழுந்து இறந்தான்."

"ஆமென்!"

அடப்பாவிகளா! பெற்றவள் உட்கார்ந்திருக்கும்போதே அவள் பிள்ளையின் மேல் சொன்ன பொய்க்கு ஒரு சபையே ஆமென் போடுமா? எப்போது எழுந்தாள் என்று எஸ்தருக்கே தெரியாது.

"நிறுத்துங்க ஐயா! எம்புள்ள குடிக்கலங்க. குழிக்குள்ள தண்ணி ஏறிருச்சு. கூட வேல செஞ்ச றம்ஸான் தம்பிய தோள்ல ஏத்தி மேல விட்டுட்டு, இவன் ஏறுறதுக்குள்ள மண்ணு சரிஞ்சிருச்சு. அந்தத் தம்பியே வந்து எங்கால்ல விழுந்து அழுதுச்சு. நான் சொன்னா யாரு கேட்டீங்க? அச்சுல வந்ததத்தானே நம்புனீங்க!"

சபை தலையைக் குனிந்துகொண்டது. இனி ஒரு வசனத்தைச் சொல்லி உட்காரவைப்பார், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அலன் இறங்கி வந்து அவள் பாயிலேயே உட்கார்ந்தார்.

"உங்கள ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டேம்மா. என் தப்புதான்." அவள் பார்க்கவே அந்த வரியைக் குறுக்கே அடித்தார். "நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். பழசு எத்தன பேருக்குப் போச்சோ, அது பொய்னு அத்தன பேருக்கும் போகணும். பத்திரிகையில போடுற வரைக்கும் நான் விடமாட்டேன்."

தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில், ஆஸ்பத்திரித் துண்டில், பத்திரிகையில் என்று எஸ்தரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவள் சொல்ல இன்னொருவர் எழுதி இந்த ஐம்பத்திரண்டு வயதில் அவள் பார்த்ததில்லை. படித்த மனுஷன் ஒருவர், கொழுந்து பறிக்கிறவள் வாயைப் பார்த்துக்கொண்டு பேனாவோடு காத்திருக்கிறார்! ஆண்டவரே, இப்படியும் நடக்குமா?

சொன்னாள், ஒன்றும் விடாமல். எழுதி முடித்து அவர் எழுந்து நின்று வாசித்தார்.

"சகோதரி எஸ்தரின் மகன் தினேஷ், தன்னோடு வேலை செய்த றம்ஸானைக் காப்பாற்றித் தன் உயிரைக் கொடுத்தான்."

இந்தத் தடவை ஆமென் வரவில்லை. சபை மூப்பர் செபஸ்ரியன் எழுந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள். நாலு வருஷமாக அவள் முகத்தைப் பார்க்கக் கூசியவர்கள், நேராகப் பார்த்து அழுதார்கள்.

"இன்னொருக்கா வாசிங்க ஐயா," என்றாள் எஸ்தர். "பேரச் சத்தமா வாசிங்க."