குடித்தவர்கள் எல்லாரும் தள்ளாடுவார்கள்

கல்லூரியில் அவளுக்கு ‘ஆகவே மேடம்’ என்று பெயர். தர்க்கவியல் பாடம் எடுக்கிறவள். கரும்பலகையில் இரண்டு வாக்கியம் எழுதிவிட்டு, மூன்றாவதை எழுதுமுன் திரும்பிப் பார்த்து “ஆகவே?” என்று இழுப்பாள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவள் சரியாகத் தூங்காமல் வகுப்புக்கு வந்திருந்தாள். முந்தின நாள் மத்தியானம் சொந்தத் தம்பியை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியிருந்தாள். கணவரின் மேலதிகாரி குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்த நேரம். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். வாங்கிய தண்ணீர் டம்ளரைக் கை நழுவவிட்டான். பேச்சு குழறியது.

“தலை சுத்துதுக்கா. நான் குடிக்கல” என்றான், யாரும் கேட்குமுன்பே.

அவன் ஒரு காலத்தில் மொடாக்குடியன். விட்டுச் சில வருஷம் ஆகிறது. அவள் அவன் முழங்கையைப் பற்றி வாசலுக்கு இழுத்துவந்தாள்.

“திருந்திட்டான் திருந்திட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேனே, என் மூஞ்சில கரியப் பூசிட்டியேடா!”

பின்னாலேயே வந்த கணவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “வாசனை ஒண்ணும் வரலையேம்மா.”

“இவனப் பத்தி உங்களுக்குத் தெரியாது” என்று அவர் வாயை அடைத்து, தம்பியை ஒரு வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பினாள்.

வகுப்பில் அன்றைக்கு வாதங்களைச் சோதிக்கும் விதிகள். “இரண்டு வாக்கியத்துலயும் வந்து, முடிவுல வராம மறைஞ்சுபோற சொல் இருக்கே, அதுதான் மத்திய பதம். ரெண்டையும் சேர்த்துவைக்கிற தரகர் மாதிரி. ஒரு வாக்கியத்துலயாவது அந்தச் சொல் தன் இனம் முழுசையும் குறிக்கணும். இல்லன்னா முடிவு செல்லாது” என்றாள். பறவைகள் எல்லாம் முட்டையிடும், ஆமைகள் எல்லாம் முட்டையிடும், ஆகவே ஆமைகள் எல்லாம் பறவைகள் என்று எழுதிக் காட்டினாள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி சிரித்தாள். “இதுல யாரு மேடம் ஏமாறுவாங்க? நெசமாவே மனுஷங்க ஏமாறுற மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்.”

அவள் பலகைப் பக்கம் திரும்பினாள். கை தானாக எழுதியது. ‘குடித்தவர்கள் எல்லாரும் தள்ளாடுவார்கள். அவன் தள்ளாடினான்.’ மூன்றாவது வரிக்குச் சுண்ணக்கட்டி நகரவில்லை.

“ஆகவே அவன் குடிச்சிருக்கான்!” என்று வகுப்பே முடித்துவைத்தது.

“செல்லாது மேடம்” என்றாள் அதே பெண். “தள்ளாடுறவங்கதான் மத்திய பதம். முதல் வாக்கியம் தள்ளாடுறவங்க எல்லாரையும் பத்திப் பேசல. ரெண்டாவதுல அவன் ஒருத்தன்தான். மிச்சப் பேர் யாருன்னே தெரியாதே!”

“மயக்கம் வந்தவங்க இருக்கலாம்” என்றது ஒரு குரல். “எங்க பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தப்ப இப்படித்தான் மேடம்” என்றது இன்னொன்று. “பேச்சும் குழறிச்சு. குடிச்சிருக்காருன்னே நெனச்சோம்.”

அவள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து தம்பிக்குப் போன் செய்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

அவன் கண்ணாடிக் கடை ஒன்றில் கண்ணாடி வெட்டுகிறவன். கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தான். ஆட்டோ பிடித்து அங்கே ஓடினாள். “காலைலேருந்து இறங்கி வரல” என்றார் கடைக்காரர். “லீவு நாள்ல கொஞ்சம் போட்டிருப்பான், தூங்கட்டும்னு விட்டுட்டேன்.” அவள் அவரை எதுவும் சொல்லவில்லை. சொல்ல வாய் ஏது?

கதவு தாழிடப்படவில்லை. அவன் கட்டிலுக்குக் கீழே தரையில், எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து முடியாமல், கண்ணைத் திறந்தபடி கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள்: “எப்ப ஆரம்பிச்சுது?”

“நேத்து மத்தியானம்.”

“யாராவது கூட இருந்தாங்களா?”

“நான்தான் இருந்தேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். சிறுமூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது, சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் நிறையச் செய்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

உயிர் பிழைத்தான். நடையும் மெல்லத் திரும்பியது. வலது கை நடுக்கம் மட்டும் போகவில்லை. அந்தக் கையை நம்பி யாரும் கண்ணாடியைக் கொடுக்கப்போவதில்லை. அக்கா வீட்டுக்கே அழைத்துவந்தார்கள். அவள் சோறு பிசைந்து கொடுத்தாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், கால் பிடித்துவிட்டாள். அவன் முகத்தை மட்டும் நேராகப் பார்ப்பதில்லை.

ஒருநாள் அவனே பேச்செடுத்தான். “போதும் விடுக்கா. நான் பழைய குடிகாரன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க.”

அவன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டால் மனசு ஆறும். அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது.

“யாரா இருந்தாலும் இல்லடா. உங்க மாமா அப்படி நெனைக்கல. நீயே குடிக்கலன்னு சொன்னே. நான்தான் கேக்கல.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஆமா” என்றான். “கேக்கல. வண்டில ஏத்திவிட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போயிட்டே. ராத்திரி பூரா தரையில கெடந்தேன். செத்தாலும் இவ நான் குடிச்சுச் செத்தேன்னுதான் நெனைப்பான்னு...”

அவள் எழுந்து போகவில்லை, சமாதானம் சொல்லவுமில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டாள்.